துருவ வானில் தூசியும் முகிலும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்டிருப்பது வெகு தொலைவில் உள்ள துருவப் பகுதியின் வானமும், அங்கே மிதக்கும் கண் காணாத தூசியும் ஆகும். இஃது என்ன பொருள், நமக்கும் துருவத்திற்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வையம் நியாயமானதே. அதற்கு முதலில் விடை கூறிவிடுவோம்.

பூமி வெப்பமடைந்து வருவதை அனைவரும் அறிவோம். ஆனால் எல்லா இடங்களும் ஒரே அளவில் வெப்பமடையவில்லை. 1979ஆம் ஆண்டு முதல் கணக்கிட்டால், வட துருவத்தைச் சூழ்ந்த ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. அங்கே கடலின் மீது மிதக்கும் பனிக்கட்டிப் பரப்பு சுருங்கி வந்துள்ளது. இனி எவ்வளவு உருகும், எவ்வளவு விரைவில் உருகும் என்று கணக்கிட முற்படும் அறிஞர்களைப் பெரிதும் திகைக்க வைப்பது முகில். முகிலைக் கணக்கிட முற்பட்டால் திகைக்க வைப்பது தூசி. ஆகவே உலகத்தின் பெரியதொரு கேள்விக்கான விடை, உலகத்தின் மிகச் சிறியதொரு பொருளில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

தூசியின்றி முகில் இல்லை

கடல் நீர் வெயிலால் ஆவியாகிறது, ஆவி மேலே சென்று குளிர்கிறது, குளிர்ந்து முகிலாகிறது. இவ்வாறே நாம் பள்ளியில் கற்கிறோம், கற்பிக்கவும் செய்கிறோம். இதில் பிழை இல்லை. ஆயினும் நடுவில் ஒரு படி விடுபட்டுள்ளது. நீராவி வெறும் காற்றில் தானே ஒன்றுகூடித் துளியாகிவிடாது. நீர் மூலக்கூறுகள் சில ஒன்றுசேர்ந்தாலும், அவ்வளவு சிறிய துளி உருவான கணமே மீண்டும் ஆவியாகிக் கலைந்துவிடும். அவை அமர்ந்து வளர்வதற்கு ஓர் இருக்கை தேவை. அவ்விருக்கையே தூசித் துகள். அறிஞர் இதனை முகிலின் உட்கரு என்பர். நாம் முகில் விதை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதனை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜான் எயிட்கென் என்பவர். பொறியியல் பயின்ற அவர் உடல்நலக் குறைவால் அத்தொழிலைக் கைவிட்டு, ஃபால்கிர்க் என்னும் ஊரில் தம் இல்லத்திலேயே கருவிகளைச் செய்து ஆராய்ந்தார். எப்பல்கலைக்கழகத்திலும் அவர் பதவி வகித்தவர் அல்லர். 1880ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சோதனை மிக எளியது. இரண்டு கண்ணாடிக் கலங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சாதாரணக் காற்று. மற்றொன்றில் பஞ்சின் வழியே செலுத்தி வடிகட்டிய காற்று. இரண்டினுள்ளும் நீராவியைச் செலுத்தினார். சாதாரணக் காற்று இருந்த கலத்தில் வெண்ணிற மூடுபனி திரண்டது. வடிகட்டிய காற்று இருந்த கலமோ தெளிவாகவே இருந்தது. நீராவி இரண்டிலும் உண்டு, குளிர்ச்சியும் உண்டு, ஒன்றில் தூசி இல்லை, அவ்வளவே வேறுபாடு. பிரான்சு நாட்டுக் கூலியே என்பவர் இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே இத்தகைய சோதனையைச் செய்திருந்தார் என்பதையும் நாம் நினைவுகூர்தல் வேண்டும்.

இச்சோதனையை எம் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவரே செய்கின்றனர். நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் சிறிது வெதுவெதுப்பான நீர் ஊற்றி, இறுக மூடி, நன்றாக அழுத்திப் பிடித்துச் சட்டென விட்டால் உள்ளே குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தோன்றாது. பின்னர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைச் சிறிது உள்ளே புகவிட்டு மூடி, முன்போலவே அழுத்தி விட்டால், பாட்டிலினுள் வெண்முகில் தோன்றும். அழுத்தினால் மறையும், விட்டால் மீண்டும் தோன்றும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இன்றே தம் வீட்டில் செய்து பார்க்கலாம்.

துகள் இல்லாவிடில் என்ன நேரும் என்பதைச் சி. டி. ஆர். வில்சன் என்னும் அறிஞர் அளந்து காட்டினார். 1894இல் பென் நெவிஸ் மலையுச்சியில் முகில்களைக் கண்டு வியந்த அவர், அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முயன்றார். தூசி நீக்கிய காற்றில், தெவிட்டிய நிலையைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாக நீராவி செறிந்த பின்னரே துளிகள் தோன்றக் கண்டார். இயற்கை வானில் அவ்வளவு செறிவு ஒருபோதும் ஏற்படுவதில்லை. துகள் இருப்பதனால் ஒப்பு ஈரப்பதம் நூறு விழுக்காட்டைச் சற்றே தாண்டியதும் முகில் திரண்டுவிடுகிறது. வில்சனின் அம்முயற்சியே முகிற்கூடம் என்னும் கருவியாக வளர்ந்து, 1927இல் அவருக்கு நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது.

இவ்விதைகளின் அளவையும் மனத்தில் கொள்ளுதல் நலம். ஒரு முகில் விதை மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அதன்மீது வளரும் முகில் துளி மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அத்தகைய பத்து இலட்சம் துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் நம் கையில் விழும் ஒரு மழைத்துளி உண்டாகும்.

கஞ்சிப் பானைக் கணக்கு

இனி, துகள் மிகுந்தால் என்ன ஆகும்? ஒரு பானைக் கஞ்சியைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் நிறையக் கிடைக்கும். நூறு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு மிடறே கிடைக்கும். வானிலும் அவ்வாறே. காற்றில் உள்ள நீராவி ஓரளவே. விதைகள் சில எனில் துளிகள் பருத்து, எடை தாங்காமல் தூறலாக விழுந்துவிடும். விதைகள் பல எனில் துளிகள் சிறியனவாகவும் பலவாகவும் அமைந்து, விழாமல் மிதந்துகொண்டே இருக்கும். சிறு துளிகள் பலவாக உள்ள முகில் அதிக வெண்மையாகத் தோன்றி, வெயிலை அதிகமாகத் திருப்பி அனுப்பும். இதனை 1970களில் ஷான் டூமி என்பவர் விளக்கினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

வெப்ப நாடுகளின் கடல் கருநீலமானது. வெயிலைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்வது. அதன்மீது வெண்முகில் கவிந்தால் கடல் குளிரும். எனவே புகையும் தூசியும் மிகுந்தால் பூமி சற்றுக் குளிரும் என்று பொதுவாகக் கூறுவர். இக்கணக்கு பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். துருவத்திற்கோ பொருந்தாது. அதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

பனி நிலத்தில் கணக்கு மாறுகிறது

துருவப் பகுதியின் தரை ஏற்கெனவே வெண்மையானது. புதிதாகப் பெய்த பனி, தன்மீது விழும் வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தானே திருப்பி அனுப்பிவிடுகிறது. வெள்ளை விரிப்பின் மீது இன்னொரு வெள்ளை விரிப்பைப் போர்த்துவதால் என்ன பயன்? மேலும் குளிர்காலத்தில் பல மாதங்கள் அங்கே சூரியனே தோன்றுவதில்லை. வெயிலே இல்லாதபோது எதைத் திருப்பி அனுப்புவது?

ஆனால் முகிலுக்கு வேறொரு பணியும் உண்டு. தரை தன் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாக வானில் விட்டுக்கொண்டே இருக்கிறது. முகில் அவ்வெப்பத்தை ஏற்று, ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்புகிறது. மார்கழி மாதத்தில் வானம் தெளிந்த இரவு நடுங்க வைப்பதையும், முகில் மூடிய இரவு அவ்வளவு குளிராதிருப்பதையும் நாம் அனைவரும் உணர்ந்துள்ளோம். முகில் ஒரு கம்பளி. நீண்ட இரவையுடைய துருவத்தில் இக்கம்பளியின் பணியே மேலோங்கி நிற்கிறது. 1997 அக்டோபர் முதல் ஓராண்டுக் காலம் ஒரு கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு, அதனோடு மிதந்து சென்ற அறிஞர்கள் இதை அளந்தனர். கோடையின் நடுவில் ஒரு சில வாரங்கள் நீங்கலாக, ஆண்டின் பெரும்பகுதியில் முகில் அப்பனிப் பரப்பை வெப்பமாகவே வைத்திருக்கிறது என்று கண்டனர்.

இரண்டாவதாக, துருவக் காற்றின் தூய்மையை நோக்குவோம். ஒரு கன சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரல் நுனியளவு இடம். பெருநகரக் காற்றில் அவ்வளவு இடத்தில் பல்லாயிரம் துகள்கள் இருக்கும். திறந்த பெருங்கடலின் மீது சில நூறு இருக்கும். ஆர்க்டிக்கின் நடுப்பகுதியில், கோடையில், முகில் விதையாகத் தக்க துகள்கள் சில வேளைகளில் பத்துக்கும் குறைவு.

2008ஆம் ஆண்டு கோடையின் இறுதியில் ஓடன் என்னும் சுவீடன் நாட்டுப் பனியுடைக்கும் கப்பல், வட துருவத்திற்கு அண்மையில் ஒரு பனிப்பாளத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு மிதந்தது. அக்கப்பலில் இருந்த ஆராய்ச்சியாளர்கள், துகள்களின் எண்ணிக்கை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே இறங்கியதைக் கண்டனர். அப்போது என்ன நேர்ந்தது? தோன்றிய சில துளிகளும் பருத்து விழுந்தன. முகில் மெலிந்து கலைந்தது. கம்பளி நீங்கியதும் தரையின் வெப்பம் வானில் வெளியேறி, குளிர் மிகுந்தது. துகளின் பஞ்சத்தால் ஒரு முகிலே வாழ இயலாமற்போவதை அவர்கள் நேரில் கண்டனர்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? பல்லாயிரம் துகள்கள் உள்ள இடத்தில் இன்னும் நூறு சேர்ந்தால் பெரிய மாற்றம் இல்லை. ஐந்தே துகள்கள் உள்ள இடத்தில் இன்னும் ஐந்து சேர்ந்தால் முகிலின் வாழ்வே மாறிவிடும். ஒரு பொருளின் ஆற்றல் அதன் பருமனில் மட்டும் இல்லை. அது சென்று சேரும் இடத்தைப் பொறுத்தும் உள்ளது.

அவ்விதைகள் எங்கிருந்து வருகின்றன?

வயல் இல்லை, சாலை இல்லை, அடுப்பு இல்லை. எங்கும் பனியும் கடலுமே உள்ள இடத்தில் துகள் எவ்வாறு தோன்றும் என்று கேட்கலாம். முதலாவது, கடல் அலைகள் உடையும்போது தெறிக்கும் உப்பு. நார்வே நாட்டின் வட கோடியிலுள்ள ஹால்டே மலை ஆய்வுக்கூடத்தில் பணி செய்த ஹில்டிங் கோலர் என்னும் சுவீடன் அறிஞர், அங்கே படிந்த உறைபனியில் உள்ள உப்பை ஆராய்ந்தே, உப்புத் துகள் நீரை ஈர்த்துத் துளியாக வளரும் முறையைக் கணித வடிவில் தந்தார்.

இரண்டாவது, கடலின் உயிர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் டைமெத்தில் சல்பைடு என்னும் கந்தகச் சேர்மத்திற்குப் பிறப்பிடமாக உள்ளன. கடற்கரையில் நாம் உணரும் தனி மணத்தில் அதற்கும் பங்குண்டு. அது காற்றில் சென்று கந்தக அமிலமாகி நுண்துகள்களைப் பிறப்பிக்கிறது. 1987இல் சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரே, வாரன் ஆகிய நால்வர், இப்பாசிகளே முகிலை உண்டாக்கித் தம் கடலின் வெப்பத்தைத் தாமே சீர்செய்துகொள்ளக்கூடும் என்று ஒரு கருத்தை வெளியிட்டனர். செயல் அவ்வளவு எளியதன்று என்பது பின்னர்ப் புலப்பட்டது. எனினும் அக்கருத்து எழுப்பிய கேள்விகள் ஒரு தலைமுறை ஆராய்ச்சிக்கே வழிவகுத்தன. முழுமையாக மெய்ப்படாத கருத்தும் அறிவை வளர்க்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, அயோடின். காயத்திற்கு மருந்தாகும் அதே அயோடின்தான். 2018இல் ஓடன் கப்பல் மீண்டும் துருவத்தை நோக்கிச் சென்றபோது, கோடை முடிந்து கடல் உறையத் தொடங்கும் பருவத்தில், அயோடிக் அமிலத்திலிருந்து புதுத் துகள்கள் பிறப்பதைக் கண்டறிந்தனர்.

நான்காவது, பறவைகளின் எச்சம்! இதைக் கேட்டு மாணவர்கள் சிரிக்கலாம். ஆயினும் உண்மை இதுவே. எச்சத்திலிருந்து அம்மோனியா எழுகிறது. அது கந்தக அமிலத்தோடு சேர்ந்தால் துகள்கள் மிக விரைவாகப் பிறக்கின்றன. ஆர்க்டிக் கடற்பறவைகளால் இவ்வாறு நிகழ்வதை 2016இல் எடுத்துரைத்தனர். தென் துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில், அர்ஜென்டினா நாட்டின் மராம்பியோ நிலையத்திற்கு அருகே நடந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. நிலையத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60,000 அடேலி பென்குயின்கள் வாழ்கின்றன. காற்று அத்திசையிலிருந்து வீசியபோது அம்மோனியா இயல்பு அளவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் உயர்ந்தது. துகள்கள் பிறக்கும் விரைவு பதினாயிரம் மடங்கு வரை பெருகியது. பறவைகள் அவ்விடத்தை விட்டுச் சென்று ஒரு மாதம் கழிந்த பின்னும், எச்சம் தோய்ந்த மண் அம்மோனியாவை ஈந்துகொண்டே இருந்தது. அருவருத்து ஒதுக்கும் பொருளிலிருந்து வானத்து முகிலுக்கு விதை பிறக்கிறது. இயற்கையின் கணக்கேட்டில் கழிவென்று தள்ளப்பட்ட பொருள் எதுவும் இல்லை.

தொலைதூரத்துப் புகை

இதுவரை கூறியன இயற்கையின் கொடை. மனிதனின் பங்கும் உண்டு. 1950களில் ஆர்க்டிக் வானில் பறந்த அமெரிக்க வானிலை விமானங்கள், தூய்மையே உருவான அவ்வானில் வசந்த காலத்தில் பழுப்பு நிறப் புகைத்திரை ஒன்றைக் கண்டன. மரி மிட்செல் என்பவர் அதற்கு ஆர்க்டிக் புகைமூட்டம் எனப் பெயரிட்டார். அங்கே ஆலை இல்லையே, புகை எங்கிருந்து வந்தது? 1970களில் ரான், ஷா முதலிய அறிஞர்கள் துகள்களில் உள்ள உலோகங்களை ஆராய்ந்து, அதன் பிறப்பிடத்தைக் கண்டனர். ஐரோப்பா, அன்றைய சோவியத் நாடு ஆகியவற்றின் ஆலைகளிலிருந்தும் உலோகம் உருக்கும் உலைகளிலிருந்தும் எழுந்த புகை, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து, குளிர்காலத்தில் மழையால் கழுவப்படாமல் அங்கே தங்கிவிடுகிறது.

இப்புகை துருவ முகிலை என்ன செய்கிறது? அலாஸ்காவின் வட முனையில், முன்பு பாரோ என வழங்கிய ஊரில், பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகளைக் கொண்டு 2006இல் லூபின், வோகல்மன் இருவரும் இதற்கு விடை கண்டனர். மெல்லிய முகிலில் துகள் மிகுந்து துளிகள் பலவாகும்போது, அக்கம்பளி தடித்துவிடுகிறது. தரைக்குத் திரும்பும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 3.4 வாட் கூடுகிறது. இது கரியமில வாயு முதலியவற்றால் விளையும் வெப்பத்தோடு ஒப்பிடத்தக்க அளவு. வேறிடத்தில் குளிர்விக்கும் என்று கருதிய அதே புகை, துருவத்தில் வெப்பப்படுத்துகிறது. அதில் உள்ள கரித்துகள் வெண்பனியின் மீது படிந்து அதைக் கறுக்கச் செய்து, உருகுதலை மேலும் விரைவுபடுத்துகிறது.

யாரோ ஒருவர் எங்கோ மூட்டிய உலையின் புகை, அவர் தம் வாழ்நாளில் காணாத ஓர் இடத்தில், காணாத மக்களின் காலடியில் உள்ள பனியை உருக்குகிறது. ஆர்க்டிக் கரையில் வாழும் இனுயிட் முதலிய தொல்குடியினர் அப்பனியின் மீதே பயணம் செய்து, அதன்மீதே வேட்டையாடி வாழ்பவர்கள். ஆலையின் பயன் ஒருவருக்கு. அதன் விளைவு வேறொருவருக்கு. இந்த அநீதியையும் அறிவியல் நமக்கு அளந்து காட்டுகிறது.

உறைவதற்கும் ஒரு விதை

முகில் துளி உறைந்து பனிப்படிகமாவதற்கும் தனி விதை தேவைப்படுகிறது. நீர் சுழிப் பாகையில் உறையும் என்று கற்கிறோம். ஆனால் தூய நீரின் நுண்துளி ஏறத்தாழக் கழி 38 பாகை வரை உறையாமல் நீராகவே இருக்கவல்லது. அதற்கு முன்னரே உறைய வேண்டுமாயின் களிமண் தூசியோ, சில நுண்ணுயிர்களோ, கடற்பாசிகளின் கசிவோ துளியினுள் இருத்தல் வேண்டும். இத்தகைய துகள்கள் மிக அரியவை. பத்து இலட்சத்தில் ஒன்று கிடைத்தால் பெரிது. அவ்வொன்று உறைந்ததும், சுற்றியுள்ள துளிகளின் நீர் ஆவியாகிச் சென்று அப்படிகத்தில் சேரும், படிகம் வளர்ந்து பனியாக விழும், முகில் வற்றிப்போகும். இவ்வாறு ஒரு விதை முகிலை உண்டாக்குகிறது. மற்றொரு விதை அதை வடித்துவிடுகிறது. இவ்விரண்டின் சமநிலையில்தான் துருவ முகில் பல நாட்கள் நிலைத்து நிற்கிறது. ஸ்வால்பார்டு தீவில் பனியாறுகள் உருகிப் பின்வாங்கிய இடத்து மண், உறைதலைத் தூண்டுவதில் வல்லது என்று 2019இல் கண்டறிந்துள்ளனர். பனி உருகுவதே புதிய விதைகளைத் திறந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனிச் செய்ய வேண்டுவன

1990களுக்குப் பின் ஆர்க்டிக் காற்றில் கந்தகப் புகை குறைந்துள்ளது. அதே வேளையில் பனி விலகிய கடலில் கப்பல்கள் மிகுகின்றன. அங்கே கப்பல்கள் கனத்த எரிநெய்யைப் பயன்படுத்துவதற்கு 2024 ஜூலை முதல் தடை தொடங்கியுள்ளது. விதிவிலக்குகள் சில உண்டு. பனி விலகிய கடலிலிருந்து உப்பும் கந்தகமும் மிகுந்து எழக்கூடும். இவை கூடி முகிலைப் பெருக்குமா, குறைக்குமா? அம்முகில் பனியைக் காக்குமா, உருக்குமா? இதற்கு இன்னும் முடிந்த முடிவு கூறப்படவில்லை. 2019 முதல் 2020 வரை போலார்ஸ்டெர்ன் என்னும் ஜெர்மானியக் கப்பல், இருபது நாடுகளின் அறிஞர்களை முறைமாற்றி ஏற்றிக்கொண்டு, ஆண்டு முழுதும் பனியோடு மிதந்து திரட்டிய அளவீடுகளை ஆராய்ந்து வருகின்றனர்.

இப்பணியில் நம் நாட்டிற்கும் இடம் உண்டு. ஸ்வால்பார்டின் நி-ஆலசுண்டு என்னும் ஊரில் 2008 ஜூலையில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் முதல், சூரியன் தோன்றாத குளிர்காலத்திலும் நம்மவர் அங்கே தங்கி ஆராய்கின்றனர். அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி என்னும் நிலையங்கள் உள்ளன. இவற்றையெல்லாம் கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய எதைக் கற்றவர்க்கும் அங்கே வேலை உண்டு. விஞ்ஞானிகள் மட்டுமல்லர், மருத்துவர், மின்பணியாளர், இயந்திரப் பழுது நீக்குவோர், சமையற்கலைஞர் ஆகியோரும் அண்டார்க்டிகப் பயணத்தில் இடம்பெறுகின்றனர். இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

எனவே நாம் மாணவர்களிடம் வேண்டுவன இரண்டு. முதலாவது, பாடநூலில் ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது, நடுவில் ஏதேனும் ஒரு படி விடுபட்டுள்ளதா என்று கேளுங்கள். ஆவி முகிலாகிறது என்னும் வாக்கியத்தில், எவ்வாறு என்று கேட்ட ஒருவரால்தான் இவ்வளவும் வெளிப்பட்டது. இரண்டாவது, இக்கழகத்தின் நூலகத்தில் தொடங்கியுள்ள வானிலைக் குறிப்பேட்டில், நாள்தோறும் காலையில் வானின் தன்மை, வெப்பநிலை, ஈரப்பதம், மழையளவு ஆகியவற்றை முறைமாற்றிப் பதிவு செய்யுங்கள். தவறாமல் பத்தாண்டுகள் எழுதினால் அது நம் ஊருக்கு ஒரு செல்வமாகும். துருவத்தில் பனிக்கப்பலில் அமர்ந்து அறிஞர்கள் செய்வதும் இதுவே: பார்த்தல், அளத்தல், எழுதுதல்.